பள்ளம் வரைக்கும் வரும் வண்டி

தமிழ்வேந்தன் யாரையாவது பார்த்து 'வேண்டாம்' என்று சொன்னதாகப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவ்வளவு மரியாதைக்காரர். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், கோயில் வசூல் கமிட்டி, கட்சிக்காரர்கள், மிக்சி விற்க வந்தவர் என்று வாசலுக்கு யார் வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஆகட்டுங்க." கொங்கு நாட்டில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தொழில் நடத்தி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, நல்ல பெயரோடு செத்தும் போய்விடலாம். கேட்டவர் மனம் நிறைந்து படியிறங்கிப் போவார். தெருமுனை திரும்பும்போதுதான் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

அவருடைய மனைவி பொற்கொடிக்குத் தெருமுனை வரைக்கும் போக வேண்டியதில்லை. பதினோரு வருஷமாகக் கேட்கிறாள். அவர் வாயைத் திறக்கும்போதே அவளுக்கு உறைத்துவிடும்.

அவள் கேட்டது நகையா, நட்டா? ஒரே ஒரு தடவை அவளுடைய பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பிறந்த வீடு ஒன்றும் காசியில் இல்லை. காரமடை தாண்டி, வெள்ளியங்காடு தாண்டி, மலையடிவாரத்தில் வேப்பம்பள்ளம் என்கிற ஊர். ஒன்றரை மணி நேரத்துப் பயணம். அங்கே அவளுடைய அப்பா நஞ்சுண்டன் ஊரார் தோட்டங்களில் கூலி வேலை செய்தபடி தனியாக இருந்தார். ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. அந்தப் பக்கத்துப் பேச்சில் அதற்குப் பள்ளம் என்று பெயர். அந்தப் பள்ளத்துக்குப் பாலம் இல்லை. தமிழ்வேந்தனுக்கு ஆண்டவன் கொடுத்த வரங்களில் முதலாவது அந்த இல்லாத பாலம்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு அழைத்தபோதே அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கார் அடி தட்டும், பள்ளத்தைத் தாண்டாது என்று நிஜமாகவே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். மாமனாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று காரமடையில் ஒரு ஓட்டல் மாடியில் விருந்தை வைத்து, பில்லையும் அவரே கொடுத்தார். நஞ்சுண்டன் கோபப்படவில்லை. கிளம்பும்போது மகளிடம் மட்டும் சொன்னார்:

"மாப்ள என்ற ஊட்டுல எப்பக் கை நனைக்கறாங்களோ, அன்னைக்கு அப்பறம் நான் உன்ற ஊட்டுல கை நனைக்கறேன் கண்ணு."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. சம்பந்தம் செய்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் அதற்குப் பெரிய கணக்கு உண்டு. பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளைக்குத் தன் வீட்டில் இலை போடாமல், அவர் வீட்டு இலையில் போய் உட்கார்ந்தால் அது பிச்சைச் சோறு என்பது நஞ்சுண்டனின் எண்ணம். சரியோ தப்போ, மனிதர் அதிலிருந்து இம்மி நகரவில்லை.

மகளைப் பார்க்க வருவார். ஒரு பை அவரைக்காய், மலைத்தேன் ஒரு பாட்டில், பேத்தி இளவேனிலுக்குக் கடலை மிட்டாய். தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மூடியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். சாப்பிட்டு வந்துவிட்டேன் என்பார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பரோட்டா தின்பார். அந்த வீட்டில் தமிழ்வேந்தனின் பட்டறை ஆட்கள் சாப்பிட்டார்கள், போன் ரிப்பேருக்கு வந்தவர் சாப்பிட்டார், தப்பான முகவரிக்கு வந்த ஒரு கல்யாணத் தரகர்கூடப் பாயசத்தோடு சாப்பிட்டுப் போனார். பெற்ற அப்பன் மட்டும் பரோட்டா தின்றார். அவர் வந்து போன நாட்களில் பொற்கொடி தன் இலையைப் பாதியிலேயே மூடிவிடுவாள்.

ஊரில் நஞ்சுண்டன் மாப்பிள்ளைக்கென்று வருஷம் தவறாமல் ஒரு சேவல் வளர்த்தார். அதுவும் கொழுகொழுவென்று வளர்ந்து, காத்திருந்து, கிழடு தட்டி, சந்தைக்குப் போகும். மறுபடி ஒரு குஞ்சு வாங்குவார். தமிழ்வேந்தனின் மரியாதையால் ஆயுள் நீண்ட ஜீவன்கள் உலகத்தில் அந்தச் சேவல்கள் மட்டும்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதத்தில் தமிழ்வேந்தன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். பட்டறைக்காரர் சங்கத்து நண்பர்கள் சிலர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அதில் ஒருவர் தன் புது ஜீப் ஊட்டிக்குப் பின்னால் எங்கேயோ சேற்றில் இறங்கி ஏறிய கதையைச் சோறு ஆறுகிற வரைக்கும் சொன்னார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாம். தமிழ்வேந்தனுக்குப் பொறுக்கவில்லை. தானும் அப்படி ஒன்று, குடும்பத்தோடு எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டியாகவே வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய போக்குவரத்தெல்லாம் தன் லேத் பட்டறைக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில்தான், அத்தனையும் தார் ரோடு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டிய இடம் அதில் கவுண்டம்பாளையத்து வேகத்தடை ஒன்றுதான்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பொற்கொடி கரண்டியை நிறுத்தினாள். "அந்த வண்டி பள்ளத்தைத் தாண்டுமுங்களா?" என்று பொதுவாகக் கேட்டாள். பள்ளம் என்ன, ஆற்றையே தாண்டும் என்று நண்பர் முந்திக்கொண்டார். அப்படியானால் வண்டி வந்ததும் முதலில் எங்கப்பா ஊருக்குப் போகலாம் என்று அவள் சிரித்தபடியே சொன்னாள். எல்லோரும் தமிழ்வேந்தனின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆகட்டுங்க" என்றார் தமிழ்வேந்தன்.

அதற்குப் பிறகுதான் தேர்ந்தெடுக்கும் படலம். அலசி ஆராய்ந்ததில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று அவிநாசி ரோட்டு ஷோரூமில், இன்னொன்று திருச்சி ரோட்டு ஷோரூமில். கம்பெனிக்காரர்கள் ஆசையாக ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவற்றின் பெயர் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு என்றே ஆகிவிட்டது. இரண்டும் டீசல், இரண்டும் வெள்ளை, இரண்டும் இரும்பு பீரோவைப் படுக்கப்போட்டுச் சக்கரம் மாட்டியது மாதிரி இருந்தன. இரண்டிலும் கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தடி. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். அவிநாசி ரோட்டில் அந்தத் தடியின் குமிழ் கறுப்பு. திருச்சி ரோட்டிலும் கறுப்புதான், ஆனால் அதில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் தமிழ்வேந்தன் மாசி மாதம் முழுவதும் பேசினார்.

அவிநாசி ரோட்டுக்காரர் வெங்கடபதி. திருச்சி ரோட்டுக்காரர் முகமது ரியாஸ். இரண்டு விற்பனையாளர்களும் ஒருவரை ஒருவர் மிஞ்சிய பணிவு. வெங்கடபதி வண்டியைக் கொண்டுவந்து காட்டிப் பேசுவார். தமிழ்வேந்தன் "ஆகட்டுங்க" என்பார். மறுநாள் ரியாஸ் வருவார். அவருக்கும் "ஆகட்டுங்க"தான். இரண்டு பேரும் தங்கள் மேனேஜரிடம் வியாபாரம் படிந்துவிட்டது என்று சொல்லி, இரண்டு ஷோரூமிலும் சாக்லெட் கொடுத்தார்கள்.

உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பஷீர் இவருக்கு நெடுநாள் சிநேகிதர். யோசனை கேட்க அவரிடம் போனபோது பொற்கொடியும் கூட இருந்தாள். சிவப்புக் கோடு உட்பட எல்லாவற்றையும் பஷீர் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாவுதானுங்க, கல்லுதான் வேற. நீங்க எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க? அதை மொதல்ல சொல்லுங்க."

தமிழ்வேந்தன் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும் வழியில், பஷீருக்கு இப்போதெல்லாம் விஷயம் போதவில்லை என்று வருத்தப்பட்டார்.

பங்குனி போனது, சித்திரை போனது. ஆடியில் நஞ்சுண்டன் வந்தார். ஆள் இளைத்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றதாக, கூட வந்த ஊர்க்காரப் பாப்பாயி அத்தை சொன்னாள். சிமெண்டு மூடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, இந்த வருஷத்துச் சேவல் நல்ல வாட்டசாட்டமாக வந்திருப்பதாகச் சொன்னார். எனக்கு அடுத்த சேவல் வளர்க்கத் தெம்பிருக்குமா தெரியவில்லை என்று சிரித்தார். பொற்கொடிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று உள்ளே தமிழ்வேந்தன் போனில் பேசிக்கொண்டிருந்தார். பித்தளை விலை ஏறப் போகிறது, ஒரு லோடு இறக்கட்டுமா என்று வியாபாரி கேட்டார். இறக்குங்க என்று சொல்லிவிட்டு வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சமையலறையில் நின்றிருந்த பொற்கொடிக்கு அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. இந்த மனிதருக்கு முடிவெடுக்கத் தெரியாமல் இல்லை. ஏதாவது ஒரு வண்டி வாசலுக்கு வந்துவிட்டால் பள்ளம் என்கிற சாக்கு போய்விடும். இரண்டு வண்டி இருக்கிற வரைக்கும்தான் ஒரு வண்டியும் வராது. ஆறு மாதமாக அவர் வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை, தப்பித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை நாள் அந்தச் சிவப்புக் கோட்டை உட்கார்ந்து கேட்ட தன்னை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் கோபம் வந்தது.

ஆவணியில் ஒரு நாள், அவர் பட்டறைக்குப் போனதும் பொற்கொடி போனை எடுத்தாள். வீட்டுக்காரர் முடிவு பண்ணிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்கும் வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று வெங்கடபதியிடம் சொன்னாள். அதையே ரியாஸிடமும் சொன்னாள். வெள்ளியங்காட்டு பஸ் கண்டக்டரிடம் அப்பாவுக்கும் சொல்லியனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் இரண்டு வெள்ளை வண்டிகள் மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டு நின்றன. தமிழ்வேந்தன் துண்டோடு வெளியே வந்து பார்த்து, துண்டோடு உள்ளே போய், சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்து பார்த்தார். அப்போதும் இரண்டுதான் இருந்தன. வெங்கடபதியும் ரியாஸும் ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டார்கள். பொற்கொடி இரண்டு பேரையும் உட்காரவைத்து இட்லி போட்டாள். இந்த வீட்டில் வண்டி விற்க வந்தவர்கள்கூடக் கை நனைத்தார்கள். வெளியே தொட்டி மூடியில் நஞ்சுண்டன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இட்லி முடிந்ததும் பொற்கொடி முன்னறைக்கு வந்து எல்லோர் முன்னாலும் நின்றாள்.

"ஏனுங்க, ரெண்டு வண்டியும் எங்கப்பா ஊருக்குப் போகட்டுங்க. எது பள்ளத்தைத் தாண்டுதோ அதையே வாங்கிப்போடலாமுங்க."

இதைவிட நியாயமான பேச்சு இருக்க முடியுமா என்று வெங்கடபதி வியந்தார். அக்கா சொன்னதுதான் சரி என்றார் ரியாஸ். தமிழ்வேந்தன் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். நாலு பேருக்கு முன்னால் 'மாட்டேன்' என்று சொல்ல அவர் நாக்கு பழகியதே இல்லை. இத்தனை வருஷமாக மற்றவர்களுக்கு வெட்டிய குழியில் அவரே மரியாதையாக இறங்கினார்.

"ஆகட்டுங்க" என்றார்.

முன்னால் அவிநாசி ரோடு, பின்னால் திருச்சி ரோடு. பாதி வழியில் திருச்சி ரோட்டுக்காரர் மனம் நோகக்கூடாதென்று தமிழ்வேந்தன் அந்த வண்டிக்கு மாறிக்கொண்டார். வெள்ளியங்காடு தாண்டி மண் பாதையில் இறங்கி, வேப்பம்பள்ளத்துப் பள்ளத்தின் கரையில் போய் இரண்டும் நின்றன. மலையில் மழை பெய்திருந்ததால் பள்ளத்தில் தண்ணீர் ஓடியது. அந்தக் காட்டாற்று வெள்ளம் கணுக்கால் அளவுக்கு இருந்தது.

இங்கே ஒரு சிக்கல். எந்த வண்டி முதலில் இறங்குவது? இறங்கியது சிக்கிக்கொண்டால் கரையில் நிற்பவனுக்கு வியாபாரம். அதனால் வெங்கடபதி கீழே இறங்கிவந்து, நீங்க முன்னால போங்க என்றார். அதெப்படிங்க, முன்னால வந்தது நீங்க என்றார் ரியாஸ். நீங்க எனக்குத் தம்பி மாதிரி என்று அவரும், நீங்க எனக்கு அண்ணன் மாதிரி என்று இவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்தார்கள். இந்தப் பக்கத்து மரியாதையில் மாட்டிக்கொண்ட மனிதர்களையே மீட்க முடியாது, வண்டி எம்மாத்திரம். எட்டுச் சக்கரமும் இழுக்கத் தயாராக இரண்டு எஞ்சினும் உறுமிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பால்காரர் டீவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு கேன்களோடு வந்து, "கொஞ்சம் ஒதுங்குங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போனார்.

"தண்ணி வத்தட்டும், இன்னொரு நாள் வரலாம்" என்று தமிழ்வேந்தன் மெல்ல ஆரம்பித்தார். பேச்சில் நிம்மதி வழிந்தது.

பொற்கொடி வண்டியிலிருந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அப்பாவின் கையைப் பற்றித் தண்ணீரில் நடந்தாள். அக்கரை ஏறித் திரும்பி நின்றாள்.

"வண்டி அங்கேயே நிக்கட்டுங்க. நீங்க நடந்து வாங்க. வரலீன்னா, இனி எப்பவும் வர வேண்டாமுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் தமிழ்வேந்தன் பதினோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து கேட்ட முதல் 'வேண்டாம்' அது. அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். கழற்றின கையோடு வலது ஷூவை வெங்கடபதி வாங்கிக்கொண்டார். ரியாஸ் விடுவாரா? இடது ஷூவை அவர் எடுத்துக்கொண்டார். நடுவில் பேண்டைச் சுருட்டிக்கொண்டு தமிழ்வேந்தனும், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஷூவை ஏந்தியபடி இரண்டு விற்பனையாளர்களுமாக மாப்பிள்ளை ஊர்வலம் பள்ளத்தைக் கடந்தது.

வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஓட்டு வீடு, ஒரே அறை, சாணம் மெழுகிய தரை. சேவலை ரியாஸே பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்தார். மகளை அடுப்பருகே விடாமல் நஞ்சுண்டனே குழம்பு கூட்டி, ராகிக் களியும் கிண்டினார். இலை போட்டதும் அவர் மாப்பிள்ளையின் முன்னால் கை கட்டிக்கொண்டு நின்றார்.

களி சாப்பிடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. உருட்டிக் குழம்பில் முக்கி விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. தெரியாத வெங்கடபதி மென்றுவிட்டுப் பல்லோடு போராடிக்கொண்டிருந்தார். ரியாஸ் தண்ணீர் கேட்டார். தமிழ்வேந்தனின் விரல்கள் மட்டும் உருண்டையின் நடுவில் ஒரு குழி செய்து, குழம்பை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, ஒரு துளி சிந்தாமல் உள்ளே அனுப்பின. தரையில் சம்மணம் போட்ட கால்கூட மரத்துப் போகவில்லை. பொற்கொடி பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வித்தை டைனிங் டேபிளில் வருவதல்ல. அவருடைய அப்பாவும் கருமத்தம்பட்டிப் பக்கம் யாரோ ஒருவர் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்தான். அந்தப் பேச்சு வந்தால் இவர் எழுந்து போய்விடுவார். இந்த வீடு தனக்குப் புதிதாக இருக்காது என்று தெரிந்துதான் மனிதர் இத்தனை வருஷம் இங்கே வரப் பயந்திருக்கிறார். அவளுக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா" என்றார் தமிழ்வேந்தன், தலை நிமிராமல்.

நஞ்சுண்டன் அவசரமாக அள்ளிப் போட்டார். களி இலையில் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்தது.

வண்டி விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். திரும்பி வரும்போது வெங்கடபதி தமிழ்வேந்தனைத் தனியாகக் கூப்பிட்டு, ரியாஸ் நல்ல பிள்ளை, அவர் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து ரியாஸும் தனியாகக் கூப்பிட்டு, வெங்கடபதி அண்ணனைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு பேருக்கும் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய கார் இன்னும் அந்த வாசலில்தான் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சுண்டன் வந்தார். பழக்க தோஷத்தில் தொட்டி மூடியில் உட்காரப் போனவரை இளவேனில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்காரவைத்தாள். பொற்கொடி காலை நாலு மணியிலிருந்து சமைத்திருந்தாள். அரிசியும் பருப்பும் சாதம், தட்டப்பயறுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், பாயசம். முன்னறையில் தமிழ்வேந்தன் இரண்டு ஷோரூம்களின் விளம்பரத் தாள்களையும் விரித்து வைத்துக்கொண்டு சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வண்டின்னு முடிவாச்சுங்களா கண்ணு?" என்று நஞ்சுண்டன் மெதுவாகக் கேட்டார்.

"எதுவா இருந்தாலும் பள்ளம் வரைக்குந்தானுங்கப்பா வரும்" என்றாள் பொற்கொடி. முன்னறையில் தாள் புரளும் சத்தம் நின்றது.

நஞ்சுண்டன் ஒரு வாய் எடுத்து வைத்தார். மெதுவாக மென்றார். இன்னொரு வாய் வைத்துவிட்டு, இலையையே பார்த்தபடி இருந்தார்.

"உன்ற கைச்சமையல் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது கண்ணு. கட்டிக் குடுக்கையில உனக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாது."

பொற்கொடியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை, இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தது. போதும் என்று அவர் இலையின் மேல் கையை வைத்து மறைத்தார். பதினோரு வருஷத்துச் சோற்றை ஒரே மத்தியானத்தில் போட்டுவிட முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கையை நகர்த்திவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள்.